அபியை ஆட்டத்திலிருந்து எடுத்த படிவம்

1

என் மகள் அபிராமியைக் கல்லூரிக் கூடைப்பந்து அணியிலிருந்து வெளியேற்றியவன் நான். கல்லூரிதான் வெளியேற்றியது என்று ஐந்து வருடங்களாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். அபியும் அப்படித்தான் நினைத்தாள். தன்னுடைய கவனக்குறைவால் வந்த வினை என்று நம்பி, அதற்காகப் பலரிடம் மன்னிப்பும் கேட்டாள். நான் அதைத் திருத்தவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பருவத்தில் அவள் நான்கு பாடங்கள் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றை விட்டுவிடும்படி நான் சொன்னேன். விட்டால் அவளால் ஆட முடியாது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

யுத்தத்தால் மூடிக் கிடந்த பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து என் பழைய மாணவர்கள் கடிதம் எழுதுகிறார்கள். "சேர், உங்களிடம் கணக்கு மட்டுமில்லை, நேர்மையும் படித்தோம்" என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2

மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் பத்து வருடம் வேலை பார்த்தேன். தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது, அழுகியதைப் பொறுக்கி எறிவது, மாலையில் தரை கழுவுவது. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் அங்கே போவேன். பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம்தான்.

போன செப்டம்பரில் ஒரு நாள் ஆப்பிள் கடை ஒன்றில் உயரமான ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"முசியே! நீங்கள் அபியின் அப்பா இல்லையா?"

நதேஜ். ஹெயிட்டிப் பெற்றோரின் மகள், செயின்ட்-மிஷேலில் வளர்ந்தவள். அபி ஆடிய அணிக்குத் தலைவி. பதினெட்டு வயதில் பார்த்தது. இப்போது ஏப்ரன் கட்டிக்கொண்டு ஆப்பிள் விற்கிறாள்.

"அவளிடம் சொல்லுங்கள், நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்" என்றாள் பிரெஞ்சில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அந்த வருடக் கடைசிச் சுற்றுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. என் ஆட்டத்தைப் பார்க்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அது உண்மை.

"நாங்கள் போகவில்லை. அவர்கள் வேறு யாரையோ பார்த்துவிட்டுப் போனார்கள்." ஒரு பையை எடுத்து நிரப்பினாள். "இது அபிக்கு. அவள் ஒரு மடைச்சி. ஒரு படிவத்தை வாசிக்கத் தெரியாதவள். ஆனால் அவளைப் போலப் பந்து கொடுக்கிறவளை நான் பிறகு பார்க்கவே இல்லை."

பையை வாங்கிக்கொண்டு "மெர்சி" என்றேன். அதுவரை என் குற்றம் என் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒன்று என்று நினைத்திருந்தேன். அது செயின்ட்-மிஷேலில் வேறு ஒருவர் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

3

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டும். இந்த மாகாணத்தில் உயர்நிலைப் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சேஜெப் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடம். மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் அங்கே விஞ்ஞானம் எடுத்து நல்ல புள்ளி வாங்க வேண்டும். அபி பதினேழு வயதில் அங்கே போனாள்.

கல்லூரி அணியில் ஆடுகிறவர்களுக்கு இரண்டு விதிகள். போன பருவத்துப் பாடங்களில் போதுமானவற்றில் சித்தியடைந்திருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் முழுநேர மாணவியாக இருக்க வேண்டும். அதாவது குறைந்தது நான்கு பாடங்கள். அணி மாணவிகளுக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். அபி அதைத் திறந்து பார்க்கவில்லை. நான் இரண்டு முறை வாசித்தேன், சில சொற்களுக்கு அகராதி பார்த்து.

எங்கள் வீட்டில் வரும் கடுதாசிகளை எல்லாம் நான்தான் பார்ப்பேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள் பெற்றோருக்குக் கடிதம் வாசித்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படியில்லை. குடிவரவு, மருத்துவ அட்டை, பள்ளிக்கூடம், எதுவானாலும் சமையலறை மேசையில் பரப்பி நானே நிரப்புவேன். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டுக் கொடுப்பேன். மனைவியும் மகளும் புள்ளடியைத் தேடிக் கையெழுத்து வைப்பார்கள். பகல் முழுக்கத் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்ற எனக்கு என் படிப்பு பயன்பட்ட ஒரே இடம் அந்த மேசை. அந்தப் பெருமையை நான் விடவில்லை.

ஊரிலும் இந்த மாதிரி விதிகளோடு எனக்குப் பழக்கம் இருந்தது. நான் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்த ஒரு வருடம், வேறு பாடசாலையிலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளன் எங்களிடம் வந்தான். அவனுடைய விடுகைப் பத்திரம் வந்து சேரவில்லை. பெரிய கிரிக்கெட் போட்டிக்கு முன் இத்தனை நாள் வரவு இருக்க வேண்டும் என்று விதி. நான் வரவு பதியும் இடாப்பில் அவன் பெயரை மூன்று வாரம் முன்னதாக எழுதி, வரவுக் கோடும் போட்டேன். அதிபர் பார்த்தார். இடாப்பை மூடி வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் போட்டி நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. கொடி கட்டிய லொறியில் பையன்கள் பட்டணத்தைச் சுற்றி வருவார்கள். மதில் ஓரமாக நூற்றுக்கணக்கான சைக்கிள்கள். மைதானத்து மண் சூடு ஏறிச் செருப்பைத் தாண்டிச் சுடும். பாண்ட் வாத்தியம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்தப் பையன் இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு வரிசையாக விக்கெட்டுகளைச் சாய்த்தான். பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் மூக்குக்கண்ணாடி விழுந்து உடைந்தது. உடைந்த கண்ணாடியோடு சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த இடாப்பைப் பற்றி ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. உண்மையைச் சொன்னால் இன்றும் வருத்தமில்லை.

4

அபியின் ஆட்டத்தை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் நானும் அவளும் மெட்ரோவில் போவோம். வெளியே பனி இடுப்பளவு. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போனால் வியர்வையும் மெழுகும் கலந்த சூடான வாசம். மர வாங்குகளில் பெற்றோர்கள். எனக்குப் பக்கத்தில் நதேஜின் தாய், ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து நிற்பார். இயந்திரத்தில் சூடான சொக்லேட் வாங்கிக் கையை வெதுப்பிக்கொள்வேன்.

வீட்டில் அபி ஐந்தடி மூன்று அங்குலம். அங்கே அவள் எல்லோருக்கும் கட்டளையிடுகிறவள். பந்தை நிலத்தில் தட்டியபடி ஒரு கையை உயர்த்தி இரண்டு விரல் காட்டுவாள். அவளைவிட ஒரு சாண் உயர்ந்த பெண்கள் அவள் சொன்ன இடத்துக்கு ஓடுவார்கள். அவள் பிரெஞ்சில் கத்துவது எனக்குப் பாதிதான் புரியும். இப்போது அந்த நான்கு காலைகளையும் யாராவது திருப்பித் தந்தால் போதும் என்றிருக்கிறது. அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. என் மகள் நான் இல்லாத ஓர் இடத்தில் முழு மனுஷியாக இருக்கிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கடினமாக இருந்தது.

தைப்பொங்கலுக்குக் கோவிலில் ஒருவரைச் சந்தித்தேன். கர்க்லாண்ட் புறநகரில் பெரிய வீடு வாங்கிப் போனவர்.

"மாஸ்டர், உங்கட மகள் கட்டைக் காற்சட்டையோட பந்துக்குப் பின்னால ஓடித் திரியிறாவாம். டொக்டர் ஆக்கப்போறன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ரெண்டையும் செய்வாள்" என்றேன்.

"ஓம் ஓம். காயம்பட்டவைக்குத் தானே மருந்து கட்டலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

இது நடந்து சில வாரங்களில் அபிக்குப் பௌதிகத்தில் முதல் சோதனைப் புள்ளி வந்தது. நாற்பத்தொன்று. பெப்ரவரி நடுப்பகுதி வரைக்கும் ஒரு பாடத்தை விட்டால் தோல்வி என்று பதிய மாட்டார்கள். பருவத் தொடக்கத்தில் கல்லூரி ஆலோசகரின் சொற்படி அவள் ஏற்கெனவே ஒன்றை விட்டிருந்தாள். மிச்சம் நான்கு.

சமையலறை மேசைக்கு வந்தாள். தலைமயிர் ஈரமாக இருந்தது, பயிற்சி முடிந்து வந்த கோலம்.

"அப்பா, பிஸிக்ஸ் ஃபெயில் விட்டால் என்னை எடுத்துப்போடுவினம். என்ன செய்யிறது?"

"விட்டிடு. கோடையில திரும்ப எடுக்கலாம்."

"விட்டா விளையாடலாமோ?"

"ஃபெயில் பண்ணினால்தான் விளையாடேலாது. இப்ப விட்டால் ஒரு பிரச்சினையுமில்லை."

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

"தக்கோர்" என்றாள். பிரெஞ்சில் சரி என்பது. படிவத்தில் நான் போட்ட புள்ளடிக்கு மேல் கையெழுத்து வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சாப்பிட என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: கல்லூரி ஓரிரு நாளில் கண்டுபிடிக்கும், அவளை வாங்கில் உட்கார வைக்கும், அவள் கொஞ்ச நாள் அழுவாள், பிறகு புத்தகத்தைத் திறப்பாள்.

5

கல்லூரி மூன்று வாரம் கண்டுபிடிக்கவில்லை. அதற்குள் அவள் இரண்டு ஆட்டங்கள் ஆடினாள். இரண்டிலும் வென்றார்கள். கடைசிச் சுற்றுக்கு முன் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் முழுநேர மாணவி இல்லாத ஒருத்தி ஆடியிருக்கிறாள் என்று தெரிந்தது. அப்படி ஒருவர் ஆடினால் அந்த ஆட்டமே தோல்வியாக எழுதப்படும் என்பதை நான் கையேட்டில் வாசித்திருந்தேன். வாசித்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த இரண்டு வெற்றியும் போயின. கடைசிச் சுற்றுக்கான இடமும் போயிற்று.

பயிற்சியாளர் சில்வி என்னையும் கூப்பிட்டிருந்தார், அபிக்குப் பதினேழு வயது என்பதால். அபி உடை மாற்றும் அறைக்குள் அணியோடு இருந்தாள். நான் வெளியே வாங்கில் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கதவு வழியாக அவள் குரல் கேட்டது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெயரும், பிறகு மன்னிப்பும்.

சில்வி என்னிடம் வந்து, "அவள் யாரிடமும் கேட்கவில்லையாம். தானே சரியாக வாசிக்கவில்லை என்கிறாள். நீங்கள் இதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

என்னைக் காப்பாற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாள். சந்தையில் பெட்டி தூக்குகிற அப்பாவுக்குப் பிரெஞ்சுப் படிவம் விளங்கவில்லை என்று மற்றவர்கள் நினைக்கக்கூடாது என்று. நான் பிழையாக வாசித்துவிட்டேன் என்றும், கையேட்டைத் தானே திறந்து பார்க்காததுதான் குற்றம் என்றும் அவள் நம்பினாள்.

அதன் பிறகு அந்தக் கல்லூரியில் அவளால் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. இலையுதிர் காலத்தில் வேறு கல்லூரிக்கு மாறினாள். அங்கிருந்த பயிற்சியாளருக்கு அவளைத் தெரியும், அணியில் சேரச் சொன்னார். மாறிப் போகிறவர்களுக்குப் பழைய கல்லூரி ஒப்புதல் கடிதம் கொடுக்க வேண்டும், ஊர் விடுகைப் பத்திரம் போல. சில்வி அன்றைக்கே கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஆனால் போன பருவத்தில் சித்தியடைந்த பாடங்களை எண்ணியபோது ஒன்று குறைந்தது. விட்ட பௌதிகம்தான். கோடையில் அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை. பந்தைத் தொடவும் இல்லை.

விஞ்ஞானத்தையும் விட்டாள். சிறுபிள்ளைக் கல்வி படித்து, இப்போது வில்லறேயில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள். பக்கத்திலேயே தனியாக ஓர் அறை எடுத்திருக்கிறாள். தன் படிவங்களை அவளே நிரப்புகிறாள்.

6

நதேஜ் தந்த ஆப்பிள்களை மறுநாளே அபியிடம் கொண்டுபோனேன். அவள் மேசையில் வண்ணக் காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளைகளுக்கு இலைகள் செய்ய. யார் தந்தது என்று சொன்னேன். கத்தரிக்கோல் நின்றது.

"இன்னும் கோவமோ அவளுக்கு?"

"கோவப்பட வேண்டியது உன்னிலை இல்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "நாலு பாடம் வேணும் எண்டு எனக்குத் தெரியும். கையேட்டில இருபத்துமூண்டாம் பக்கம்."

"பக்கம்கூட ஞாபகமோ?"

"ஓம்."

அவள் அழவில்லை. வெட்டிய இலைகளை நிறம் நிறமாக அடுக்கினாள். பிறகு கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"பிஸிக்ஸ் எனக்கு விளங்காதெண்டு நினைச்சன்" என்றாள். "படிவம் விளங்காதெண்டு நினைச்சன். எதையும் ரெண்டு தரம் வாசிக்காம கையெழுத்து வைக்கப் பயம் எனக்கு. வீட்டு ஒப்பந்தத்தை மூண்டு நாள் வைச்சு வாசிச்சனான், அப்பா. வீட்டுக்காரன் சிரிச்சவன்."

"பிழைதான். மன்னிச்சுக்கொள்."

"எனக்குச் சொல்லி என்ன? நான் பன்னிரண்டு பேருக்கு முன்னால நிண்டனான். நீங்கள் வெளியில பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தீங்கள். அவையளுக்குச் சொல்லுங்கோ. என்ர கதையைப் பேந்து பாப்பம்."

ஆப்பிள் பையை உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"அந்தப் பிள்ளையைக் கவனமில்லாதவள், கவனமில்லாதவள் எண்டு நான் எத்தினை தரம் பேசியிருப்பன்? ஒரு சொல்லுச் சொன்னீங்களே? என்ர வாயாலையும் எல்லோ பொய் சொல்ல வைச்சிருக்கிறியள்."

அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

7

முதலில் விளையாட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். பிழை மாணவியுடையதல்ல, விதி தெரிந்தே நான் அவளுக்குத் தவறாகச் சொன்னேன் என்று. ஆறு வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பருவத்தின் கோப்பு மூடப்பட்டுவிட்டது, முடிவுகளை மாற்ற முடியாது, தொடர்பு கொண்டதற்கு நன்றி.

பிறகு சந்தைக்குப் போய் நதேஜிடம் கேட்டேன், பழைய அணியில் எத்தனை பேரைக் கூப்பிட முடியும் என்று. ஏன் என்று கேட்டாள். வந்தால் சொல்கிறேன் என்றேன். ஞாயிறு காலைகளில் செயின்ட்-மிஷேலில் ஒரு சமூக மண்டபத்தில் அவர்களில் சிலர் சும்மா ஆடுவார்களாம். அங்கே வரச் சொன்னாள்.

ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு. நான் பிரெஞ்சில் எழுதிக்கொண்டுபோன தாளை வாசித்தேன். இருபத்தொரு வருடம் வகுப்புகளுக்கு முன்னால் நின்றவன், தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அபி என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் பயிற்சியாளரிடம் சொன்ன பொய்யையும் வரிசையாக வாசித்தேன். முடித்தபோது பந்தை வைத்திருந்தவள் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏன்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவள் டாக்டராக வேண்டும் என்று."

"ஆனாளா?"

"இல்லை."

யாரோ சிரித்துவிட்டார்கள். நதேஜ் சிரிக்கவில்லை. "என்னைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தால்..." என்று தொடங்கினாள். பிறகு தோளைக் குலுக்கினாள். "வந்திருந்தாலும் எடுத்திருப்பார்களோ தெரியாது. அதுதான், தெரியாது. அது உங்களால்."

"ஆம்" என்றேன்.

"ஐந்து வருடமாக நாங்கள் அவளோடு பேசவில்லை, முசியே. தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போவேன்." ஏப்ரன் கட்டாத இடுப்பில் பழக்கத்தில் பேனை தேடினாள், கிடைக்கவில்லை. என்னிடம் வாங்கினாள். "அவளுடைய எண்ணைச் சொல்லுங்கள்."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். "சரி. நீங்கள் போகலாம்" என்றாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கதவை அடைவதற்கு முன்பே பந்து மறுபடி நிலத்தில் தட்டப்படும் சத்தம் கேட்டது.

8

நவம்பரிலிருந்து அபி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஆடுகிறாள். இதை எனக்கு அவள் சொல்லவில்லை. மனைவிக்குச் சொன்னாள். என்னோடு அவள் பேசுவது, தொலைபேசியை நான் எடுத்தால் "அம்மா நிக்கிறாவோ?" என்று கேட்பது மட்டும்.

மனைவி ஞாயிறு தவறாமல் போகிறாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஆட்டமும் பார்க்காதவள், கணுக்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவாள். நதேஜுக்குச் சம்பல் உறைப்பு போதாதாம். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே நான் கேள்வி கேட்கத் தொடங்குவேன். எத்தனை பேர் வந்தார்கள், யார் பக்கம் ஆடினாள், எத்தனை போட்டாள். அவளுக்கு ஆட்டம் விளங்காது. "ஓடினவள். கத்தினவள். நல்லாத்தான் கிடக்கு" என்பாள்.

போன ஞாயிறு வந்ததும் நான் கேட்கும் முன்பே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு அவள் கேட்டவள். அப்பா வீட்டிலையோ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓம் எண்டன். வரச்சொல்லவோ எண்டு கேட்டன்."

"அதுக்கு?"

"குனிஞ்சு சப்பாத்து நாடாவைக் கட்டினவள். பேந்து 'இப்ப வேண்டாம்' எண்டவள்."

"இப்ப வேண்டாமோ, வேண்டாமோ? எப்பிடிச் சொன்னவள்?"

"இப்ப வேண்டாம் எண்டவள்."

"கோவமாயோ?"

"ஐயோ, பந்து வந்திட்டுது, ஓடிப்போட்டாள். நான் என்ன செய்ய?" மனைவி மேல்சட்டையைக் கொழுவியில் மாட்டினாள். "எல்லாத்துக்கும் உடன விடை வேணும் உங்களுக்கு. இருங்கோ கொஞ்சம்."

இருக்கிறேன். நாளை ஞாயிறு. மனைவி ரொட்டிக்கு மா குழைத்து வைத்திருக்கிறாள். இந்த முறை சம்பலுக்கு மிளகாய் கூடப் போட வேண்டுமாம். தேங்காயை என்னிடம் துருவித் தரச் சொல்லியிருக்கிறாள்.